தையல் ஆறிய பின்னும் ஆறாத வலி

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்ணிடம், தையல் பிரித்து நாலைந்து மாதம் கழித்து, "எங்கேம்மா வலிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். தழும்பை மட்டும் காட்டமாட்டார். அக்குளைத் தொடுவார். அங்கிருந்து மேல்கையின் உட்புறமாக முழங்கை வரை விரலை இழுத்துக்கொண்டு வருவார். பிறகு விலாப்பக்கத்தைத் தடவுவார். "இந்த இடமெல்லாம் மரத்துப் போய்க் கெடக்கு. ஆனா ஜாக்கெட் கை பட்டா எரியுது" என்பார். மரத்துப்போன இடம் எப்படி எரியும் என்று வீட்டில் இருப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். சில நேரம் அந்தப் பெண்ணுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிடும்.

நான் மதுரையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். கை தூக்க வரவில்லை என்று என்னிடம் அனுப்பப்படுகிறவர்களில் மார்பக அறுவை சிகிச்சை முடித்த பெண்கள் நிறையப் பேர். அவர்கள் கொண்டுவரும் சீட்டில் 'தோள் இறுக்கம், பயிற்சி தரவும்' என்று இருக்கும். வலியைப் பற்றி ஒரு வரி இருக்காது. பயிற்சி தொடங்கி, கொஞ்சம் பழகி, வீட்டுக் கதையெல்லாம் பேசிய பிறகுதான் அது மெதுவாக வெளியே வரும். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த, பூக்கட்டிப் பிழைக்கும் அக்கா ஒருவர் சொன்னார்: "யாரும் கேக்கல தாயி. கட்டிய எடுத்து உசுரக் காப்பாத்தி விட்டுருக்காக. இதுல எரியுது, குத்துதுன்னு போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

போய் நிற்கத்தான் வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இந்த வலி எங்கிருந்து வருகிறது என்பது மருத்துவத்துக்குத் தெரியும். யாருக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதும் பெருமளவு முன்கூட்டியே தெரியும். தெரிந்திருந்தும் கேட்காமல் விடுவதால்தான் இவ்வளவு பெண்கள் இதைத் தலைவிதி என்று எண்ணிச் சுமந்துகொண்டு இருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரம் வலிப்பது இயல்பு. புண் ஆற ஆற அது குறைந்துகொண்டே வர வேண்டும். மூன்று மாதம் தாண்டியும் அறுத்த இடத்திலோ அதைச் சுற்றியோ வலி தங்கிவிட்டால், அதை நாட்பட்ட வலி என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில், 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில், அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் நாட்பட்ட வலிக்குத் தனி இடமே கொடுத்துவிட்டார்கள். அதுவரை அது வேறு நோய்களின் நிழலில்தான் கிடந்தது. 1998இல் ஸ்காட்லாந்திலும் வடக்கு இங்கிலாந்திலும் பத்து வலி நிவாரண மையங்களுக்கு வந்த 5,130 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேல், தன் வலிக்கு ஏற்கெனவே செய்துகொண்ட ஏதோ ஓர் அறுவை சிகிச்சையைக் காரணமாகச் சொல்லியிருந்தார்கள். மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்து கவனித்தது அப்போதுதான்.

மார்பக அறுவை சிகிச்சையைப் பற்றி மட்டும் நாடு முழுவதும் விசாரித்த பெருமை டென்மார்க்குக்கு உண்டு. 2005, 2006 ஆண்டுகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். 3,253 பேர் பதில் எழுதினார்கள். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் 47 சதவீதம் பேருக்கு வலி இருந்தது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அது லேசான வலி. மீதிப்பேருக்கு நடுத்தரமானது அல்லது கடுமையானது. 58 சதவீதம் பேருக்கு மரப்பு, கூச்சம் போன்ற உணர்வு மாற்றங்கள் இருந்தன. இந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அதில் என்னை மிகவும் உறுத்திய எண் வேறொன்று. வலி இருந்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான் அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அந்த வலிக்காக மருத்துவரிடம் போயிருந்தார். மருத்துவச் செலவை அரசே ஏற்கும் நாட்டில் இந்த நிலை. மாட்டுத்தாவணியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய பெண் எப்படிப் பேசாமல் இருந்துவிடுவார் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த மேல்கை எரிச்சலுக்கு வருவோம். முதுகுத்தண்டிலிருந்து விலா எலும்புகளுக்கு இடையே நரம்புகள் ஓடுகின்றன. அவற்றில் இரண்டாவது விலா நரம்பின் கிளை ஒன்று மார்புக்கூட்டிலிருந்து வெளியே வந்து, அக்குளின் கொழுப்புத் திசுவைக் குறுக்காகக் கடந்து, மேல்கையின் உட்புறத் தோலுக்குப் போகிறது. இன்டர்காஸ்டோபிரேக்கியல் நரம்பு என்று அதற்குப் பெயர். கையை அசைக்கும் வேலை அதற்குக் கிடையாது. தொடுவதை உணரச் செய்வது மட்டுமே அதன் வேலை. நிணநீர்க் கணுக்கள், அதாவது ஊரில் நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அவை இருப்பதும் இதே கொழுப்புத் திசுவில்தான். மார்பகப் புற்று முதலில் பரவும் இடம் பெரும்பாலும் அந்தக் கணுக்கள் என்பதால், அவற்றை எடுக்கும்போது இந்த நரம்பு அறுபடலாம், இழுபடலாம், அல்லது பிறகு தழும்பில் சிக்கிக்கொள்ளலாம். அறுபட்ட நரம்பு தோலிலிருந்து செய்தி கொண்டுவராது, அதனால் மரப்பு. ஆனால் அதன் முனை தானாகவே தப்பும் தவறுமாகச் சமிக்ஞைகளை அனுப்பத் தொடங்கிவிடும், அதனால் எரிச்சல். ஒரே இடத்தில் இரண்டும் இருப்பது நரம்பு காயப்பட்டதன் அடையாளம். கற்பனையோ மனப்பிரமையோ இல்லை.

ஆகவே பெண்கள் பயப்படும் இடம் ஒன்றாகவும், வலி பிறக்கும் இடம் வேறொன்றாகவும் இருக்கிறது. "மொத்தமா எடுத்தா வலி ஜாஸ்தியா, கட்டிய மட்டும் எடுத்தா ஜாஸ்தியா?" என்று என்னிடம் கேட்காத குடும்பம் குறைவு. 2016இல் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முப்பது ஆய்வுகளை, 19,813 பெண்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மார்பை முழுதாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்பதற்கும் நாட்பட்ட வலிக்கும் தொடர்பு தென்படவில்லை. உடல் எடைக்கும் தொடர்பில்லை, கீமோதெரபிக்கும் இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் அக்குள்தான். ஆபத்துக் காரணம் எதுவும் இல்லாத 100 பெண்களில் சுமார் 30 பேருக்கு இந்த வலி வரும் என்று வைத்துக்கொண்டால், அக்குளின் கணுக்களை முழுவதுமாக அகற்றிய 100 பேரில் இன்னும் 21 பேர் அதில் சேர்கிறார்கள்.

முழுவதுமாக அகற்றாமல் இருக்க முடியுமா? பலருக்கு முடியும். 1990களில் வந்த முறையில், கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஓரிரு கணுக்களை மட்டும் சாயமோ கதிரியக்கப் பொருளோ செலுத்திக் கண்டுபிடித்து எடுக்கிறார்கள். அவற்றில் புற்று இல்லையென்றால் மற்றவற்றைத் தொடுவதே இல்லை. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் பெறும் பெண்களுக்கு, அப்படி எடுத்த ஒன்றிரண்டு கணுக்களில் புற்று இருந்தாலும்கூட, மீதியை அகற்றாமல் விடுவதால் உயிர்வாழும் காலம் குறைவதில்லை என்று 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. விலை கூடிய கருவிகள் இல்லாத இடங்களுக்காக, அக்குளின் கீழ்ப்பகுதித் திசுவை மட்டும் எடுத்துச் சோதிக்கும் எளிய முறையை மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்து கையாள்கிறார்கள்.

ஆனால் இதெல்லாம் நோய் சிறிதாக இருக்கும்போது வருகிறவர்களுக்கு. கட்டி எலுமிச்சை அளவாகி, அக்குளிலும் தட்டுப்பட்ட பிறகு வருகிற பெண்ணுக்கு மருத்துவர் முழுமையாகத்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், உயிர் முக்கியம். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிர் பிழைக்கலாம் என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். சீக்கிரம் வந்தால் அக்குளும் தப்பிக்கும், பிறகு வரும் ஆண்டுகள் வலியில்லாமல் கழியும் வாய்ப்பும் கூடும் என்பதையும் அதே சுவரொட்டியில் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் ஆசை.

வயதும் ஒரு காரணம். அந்தக் கனடா கணக்கில், வயது பத்து ஆண்டு குறையக் குறைய நூற்றுக்கு ஏழு பேர் வீதம் கூடுகிறார்கள். இளம் பெண்களுக்கு வரும் புற்று பெரும்பாலும் வேகமானது, சிகிச்சையும் கடுமையாகிறது என்பது இதன் ஒரு பகுதி. மேலை நாடுகளைவிட நம் நாட்டில் ஏறக்குறைய பத்து ஆண்டு முன்னதாகவே இந்த நோய் வருகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நாற்பதுகளில் இருக்கிற பெண் என்றால் தண்ணீர் தூக்க வேண்டும், பிள்ளையைக் கிளப்பிவிட வேண்டும், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். கையை அதிகம் பயன்படுத்தும் வயதில் வலி வந்து உட்கார்கிறது. இந்தியாவில் 2022இல் மட்டும் புதிதாக மார்பகப் புற்று கண்டறியப்பட்ட பெண்கள் ஏறக்குறைய 1,92,000 பேர் என்பது உலக அளவிலான மதிப்பீடு.

கதிர்வீச்சு சிகிச்சையும் நூற்றுக்கு ஏழு பேரைக் கூட்டுகிறது. திசு இறுகி நார்த்தன்மை அடைவதும், நரம்பைச் சுற்றி இறுக்கம் விழுவதும் காரணம். இதைக் கேட்டுவிட்டு யாரும் கதிர்வீச்சு வேண்டாம் என்று எழுந்து வந்துவிடக் கூடாது. நோய் திரும்பாமல் காப்பது அது. கதிர்வீச்சு நடக்கும் வாரங்களிலும், முடிந்த பிறகும் தோளை ஆட்டி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

நான் அதிகம் சண்டை போடுவது அடுத்த காரணத்துக்காக. அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில நாட்களில் எவ்வளவு வலி இருந்தது என்பதற்கும், மாதங்கள் கழித்து வலி தங்குவதற்கும் தொடர்பு இருக்கிறது. வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை அளந்தால், ஒவ்வொரு புள்ளி கூடும்போதும் நூற்றுக்கு மூன்று பேர் கூடுகிறார்கள். மூன்றுதானே என்று தோன்றும். இரண்டு என்று சொல்பவருக்கும் எட்டு என்று சொல்பவருக்கும் இடையே ஆறு புள்ளி இருக்கிறது. காயத்திலிருந்து வலிச் செய்தி இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தால், தண்டுவடத்தில் இருக்கும் நரம்பு செல்களே கூர்மையாகிவிடுகின்றன. பிறகு சிறு தொடுகையும் வலியாகவே தெரியும். கிளிஃபர்ட் வுல்ஃப் என்ற ஆய்வாளர் இதை 1983இல் விலங்குச் சோதனையில் காட்டினார். முதல் நாட்களின் வலியை அடக்குவது வெறும் சௌகரியத்துக்காக அல்ல என்ற எண்ணம் வலுப்பட்டது அதற்குப் பிறகுதான்.

நம் வார்டுகளில் என்ன நடக்கிறது? நர்ஸ் வந்து "வலி இருக்காம்மா?" என்று கேட்பார். பக்கத்தில் மாமியாரோ அண்ணனோ நிற்பார்கள். "இருக்கு, பரவால்ல சிஸ்டர்" என்று பதில் வரும். பரவாயில்லை என்பது காதில் விழும், இருக்கு என்பது விழாது. "ரெண்டு பிரசவத்தத் தாங்குனவ, இதத் தாங்கமாட்டாளா" என்று பெருமையாகச் சொல்லும் உறவினர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை அதிகம் போட்டால் கிட்னி கெட்டுவிடும் என்று எழுதிக்கொடுத்ததையும் பாதியில் நிறுத்துவார்கள். தாங்குவது நம் பெண்களுக்குச் சிறு வயதிலிருந்தே பாராட்டி வளர்க்கப்பட்ட குணம். இந்த ஒரு இடத்தில் அது அவர்களுக்கே கெடுதல் செய்கிறது. அந்த நாலைந்து நாள் மட்டுமாவது, "பத்துக்கு எத்தனை?" என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி எண்ணாகச் சொல்லுங்கள். ஏழு என்றால் ஏழு. எழுதிக்கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் போடுங்கள். ஒத்துக்கொள்ளவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

மயக்க மருந்து நிபுணர்களும் இதற்காகப் பாடுபடுகிறார்கள். முதுகுத்தண்டின் ஓரத்திலோ மார்புத் தசைகளின் இடையிலோ மரத்துப்போகும் ஊசி போட்டு முதல் நாள் வலியைக் குறைக்கும் முறைகள் இன்று பல மருத்துவமனைகளில் உள்ளன. அதனால் நாட்பட்ட வலியும் வராமல் போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது. 2,108 பெண்களிடம் பல நாடுகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், அப்படி ஊசி போட்டவர்களுக்கும் வழக்கமான மயக்க மருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் வலியில் வேறுபாடு இல்லை. ஆனாலும் முதல் இரவு நிம்மதியாகக் கழிவது சிறிய விஷயமில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து மருத்துவர் பார்க்க வருவார், அவரிடம் இதைக் கேளுங்கள்.

அவரிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. ஏற்கெனவே உடம்பில் நாட்பட்ட வலி எங்காவது இருந்தால், அது மூட்டு வலியோ இடுப்பு வலியோ ஒற்றைத் தலைவலியோ, இந்த வலியும் தங்கும் வாய்ப்பு கூடுகிறது. "நெஞ்சுல கட்டிக்கும் என் முட்டி வலிக்கும் என்ன சம்பந்தம்" என்று நினைத்து யாரும் சொல்வதில்லை. கூடவே, பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை ஆகியவையும் வலியை வளர்க்கின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இந்த இடத்தில் கவனமாகப் பேச வேண்டும். எல்லாம் மனசுதான் என்று தட்டிக்கழிக்க இதை ஆயுதமாக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நரம்பு காயப்பட்டது உண்மை. அந்தக் காயத்தின் குரலைப் பயமும் உறக்கமில்லாத இரவும் உரக்கக் கேட்கச் செய்கின்றன என்பதும் உண்மை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை தர வேண்டும்.

எல்லா வலியும் இந்த நரம்பு வலி அல்ல. அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில் அக்குளிலிருந்து முழங்கையை நோக்கி, தோலுக்கு அடியில் வீணைத் தந்தி போல விறைத்த இழை ஒன்று தெரியும், கையைத் தூக்கினால் சுண்டி இழுக்கும். பார்த்துப் பயந்துவிடுவார்கள். நிணநீர்க் குழாய்கள் இறுகுவதால் வருவது அது, மென்மையாக நீட்டி நீட்டிப் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும். கை கனத்து, வளையல் ஏறாமல் வீங்கினால் அது நிணநீர் வீக்கம், அதற்கு வேறு சிகிச்சை. மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரைகளில் சிலவற்றால் காலையில் விரல் மூட்டுகள் இறுகி வலிக்கும். கீமோதெரபி மருந்துகள் சிலவற்றால் இரண்டு கை, இரண்டு கால் விரல் நுனிகளும் மரத்து எரியும். அக்குள் எரிச்சல் ஒரு பக்கம் மட்டும், அறுத்த பக்கம் மட்டும் இருக்கும். மருத்துவரிடம் போகும்போது 'வலிக்குது' என்பதோடு நிறுத்தாமல், எந்த இடம், எரிச்சலா குத்தலா, எதைச் செய்தால் கூடுகிறது என்று சொன்னால் பாதி வழி தெளிவாகிவிடும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில், தோள் பிரச்சினை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 392 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப்பேருக்கு வழக்கமான அறிவுரைத் தாள் மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அறுவை சிகிச்சை முடிந்த ஏழு முதல் பத்து நாட்களில் பிசியோதெரபிஸ்ட் பார்த்து, படிப்படியான பயிற்சி தொடங்கினார். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பயிற்சி பெற்றவர்களுக்குக் கை நன்றாக இயங்கியது, வலியும் குறைவாக இருந்தது. 2021இல் வெளியான அந்த முடிவை எங்கள் துறையில் பலர் மகிழ்ச்சியோடு பகிர்ந்துகொண்டோம். இங்கே பல பெண்கள் டிரெயின் குழாய் எடுத்த பிறகும் தையல் பிரிந்துவிடும் என்று பயந்து கையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு மாதம் அப்படி இருந்தால் தோள் பூட்டிக்கொள்ளும், பிறகு இரட்டை வேலை. மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து தலைவாருவது, சுவரில் விரலால் ஏறுவது, கொடியில் துணி போடுவது என்று வீட்டு வேலையையே பயிற்சியாகத் தொடங்கலாம்.

எரியும் தோலுக்கும் பயிற்சி உண்டு. பஞ்சில் ஆரம்பித்து, பட்டுத்துணி, பருத்தித்துணி, துண்டு என்று மெல்ல மெல்லச் சொரசொரப்பைக் கூட்டித் தினமும் சில நிமிடம் தடவினால் நரம்பு பழகிக்கொள்கிறது. பூக்கட்டும் அக்கா ஜாக்கெட் கையை உள்தையல் இல்லாமல் தளர்வாகத் தைத்துக்கொண்டதும் பெரிய உதவியாக இருந்தது. நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. அமிட்ரிப்டிலின், கபாபென்டின், ப்ரீகாபலின், டுலோக்செட்டின் போன்ற மருந்துகளை மருத்துவர் குறைந்த அளவில் தொடங்குவார். டாமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். டுலோக்செட்டின் போன்ற சில மருந்துகள் அதன் செயல்பாட்டில் குறுக்கிடக்கூடும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் கலந்த களிம்பும் சிலருக்கு உதவுகிறது. அதற்காக அடுப்படி மிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள். மரத்த தோலில் புண் ஆவதே தெரியாது. நகரத்துக்கு அடிக்கடி வர முடியாதவர்கள், 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

டென்மார்க்கில் அதே பெண்களை 2012இல் மறுபடியும் விசாரித்தார்கள். முதல் முறை, 2008இல், கேட்டபோது வலி இருந்தவர்களில் 36 சதவீதம் பேருக்கு அது போயிருந்தது. அப்போது வலியே இல்லாதிருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்குப் புதிதாக வந்திருந்தது. ஆகவே ஒரு முறை கேட்டு விட்டுவிடக் கூடாது, ஆண்டுக்கு ஆண்டு கேட்க வேண்டும். புதிதாகத் தொடங்கிய வலி நாளுக்கு நாள் கூடினாலும், எலும்பில் இரவு நேரத்தில் குடைந்தாலும், தழும்பருகே முடிச்சு தட்டுப்பட்டாலும் பழைய நரம்பு வலிதான் என்று நீங்களாக முடிவு செய்யாமல் புற்றுநோய் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். பரிசோதித்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால், நோய் திரும்பிவிட்டதோ என்ற பயமாவது போகும். அதன் பிறகு "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். "சரிங்க டாக்டர், அப்ப இந்த வலிக்கு என்ன செய்யலாம்?" என்று அங்கேயே உட்கார்ந்து கேளுங்கள்.